சீக்வென்சரும் கணினியும் ஒரே தாளத்தில்: மொரீஷியஸ் இசையறை ஒன்றின் அனுபவம்

தாளத்தை அடியடியாக எழுதி ஓடவிடும் தனிக் கருவியான வன்பொருள் சீக்வென்சர் ஒன்றையும் கணினியில் உள்ள இசைப்பதிவு மென்பொருளையும் அருகருகே வைத்து, இரண்டிலும் 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி) என்று அமைத்து, ஒரே நொடியில் இரண்டையும் ஓடவிட்டால் பாட்டு முடியும்வரை அவை சேர்ந்தே போகும் என்று நினைக்கத் தோன்றும். அப்படிப் போவதில்லை. இரண்டில் ஒன்றின் உண்மையான வேகம் 120.05 ஆக இருந்தால்கூட, ஐந்து நிமிடப் பாட்டின் முடிவில் 125 மில்லிநொடி இடைவெளி விழுந்துவிடும். 120 பிபிஎம் வேகத்தில் அது மிகச்சரியாக ஒரு சிக்ஸ்டீன்த் நோட்டின் (அடியில் கால் பங்கு) நீளம். அதாவது, பாட்டின் கடைசி வரியில் சீக்வென்சர் ஒரு முழு ஸ்டெப் (அதன் தாளக் கட்டம் ஒன்று) தள்ளி அடித்துக்கொண்டிருக்கும். இரண்டு கடிகாரங்கள் தனித்தனியே ஓடும்வரை இதற்கு மருந்து கிடையாது. ஒன்று சொல்ல மற்றது கேட்க வேண்டும்.

நான் மொரீஷியஸில், காத்ர் போர்னில் வசிக்கிறேன். கோர் தெ கார்ட் மலைச்சரிவில் உள்ள முருகன் கோயிலுக்குத் தைப்பூசக் காவடி எடுக்கும் குழுவினருக்காகப் பக்திப் பாடல்களைப் பதிவு செய்து தருவதும், மொரீஷியஸின் மரபிசையான சேகாவின் தாளத்தில் தமிழ்ப் பாடல்கள் அமைப்பதும் என் வேலை. மின்னணுத் தாளங்களுக்கு மௌஸைக் காட்டிலும் பொத்தான்களும் குமிழ்களும் உள்ள சீக்வென்சரையே நான் விரும்புகிறேன். கை போகும் போக்கில் ஒரு தாளம் உருவாவதைக் கணினித் திரை எனக்குத் தந்ததில்லை. ஆனால் குரலும் ரவான் பறையும் ஆர்மோனியமும் பதிவாவது கணினியில்தான். ஆகவே இந்த இரண்டையும் இணைத்து ஓட்டுவது எனக்கு அன்றாடத் தேவை. இணைப்பு பிசகும்போது என்ன செய்வது என்பதை இணையத்தில் தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது, ‘சிங்க் பொத்தானை அழுத்துங்கள்’ என்ற ஒற்றை வரிதான். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் நான்கு வெவ்வேறு கேள்விகள் இருக்கின்றன: வேகம் ஒன்றா, இடம் ஒன்றா, ஒலி எவ்வளவு தாமதமாக வருகிறது, அந்தத் தாமதம் நிலையாக இருக்கிறதா. இவற்றைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகே என் வேலை சீரானது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. இசைக்கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறிக்கொள்ள 1983இல் அறிமுகமான மிடி தரநிலையில் தாளத்தைப் பகிர்வதற்கு மிடி கிளாக் என்ற வசதி உண்டு. தலைமைக் கருவி ஒவ்வொரு குவாட்டர் நோட்டுக்கும் (4/4 தாளத்தில் ஓர் அடி) 24 துடிப்புகளை அனுப்பும். ஒவ்வொரு துடிப்பும் ஒரே ஒரு பைட். அந்தப் பைட்டில் ‘வேகம் 120’ என்ற செய்தி எதுவும் எழுதப்பட்டிருக்காது. இரண்டு துடிப்புகளுக்கு இடையே கழியும் நேரத்தைக் கொண்டே பின்தொடரும் கருவி வேகத்தை ஊகித்துக்கொள்கிறது. 120 பிபிஎம்மில் அந்த இடைவெளி 20.83 மில்லிநொடி. இத்துடன் ‘தொடங்கு’, ‘தொடர்’, ‘நிறுத்து’ என்று மூன்று கட்டளைகளும், பாட்டின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதைச் சொல்லும் சாங் பொசிஷன் பாயின்டர் என்ற செய்தியும் உண்டு. மிடி கிளாக்கில் இருப்பது இவ்வளவுதான். செய்தியின் உள்ளடக்கத்தைவிட அது வந்து சேரும் நேரமே பொருளாக அமைந்த ஏற்பாடு இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் சிக்கல்கள் எல்லாம் தாமே விளங்கும்.

யார் தலைமை ஏற்பது என்பதில் எனக்கு இப்போது ஐயமே இல்லை. பதிவு செய்யும்போது கணினிதான் தலைமை ஏற்க வேண்டும். கணினியைச் சீக்வென்சரின் பின்னால் நடக்கவிட்டால், மென்பொருள் உள்ளே வரும் துடிப்புகளின் சராசரியை எடுத்து வேகத்தை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும், திரையில் 119.9, 120.1 என்று எண் ஊசலாடுவதைக் காணலாம். அந்த ஊசலாட்டம், வேகத்தோடு கட்டிவைத்திருக்கும் எதிரொலிகளையும் நீட்டிச் சுருக்கப்பட்ட ஆடியோ துண்டுகளையும் பாதிக்கும். சீக்வென்சருக்கோ பின்தொடர்வது பழகிய வேலை. அதன் கிளாக் மூலத்தை யுஎஸ்பி அல்லது மிடி என்று வெளியிலிருந்து வருவதாக மாற்றிவிட வேண்டும். அது ‘உள்’ என்ற நிலையிலேயே இருந்தால், ‘தொடங்கு’ கட்டளையை மட்டும் ஏற்றுக்கொண்டு பிறகு தன் சொந்த வேகத்தில் ஓடும் கருவிகளும் உண்டு. இரண்டும் ஒன்றாகத் தொடங்குவதால் இணைப்பு சரியாக இருப்பதுபோலவே முதல் நிமிடத்தில் தோன்றும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

கிளாக் ஒரு திசையில் மட்டுமே போக வேண்டும். ஏபிள்டன் லைவ் என்ற இசைப்பதிவு மென்பொருளில் ஒவ்வொரு மிடி வாயிலுக்கும் டிராக், சிங்க், ரிமோட் போன்ற சுவிட்சுகள் இருக்கும். சீக்வென்சருக்குப் போகும் வெளியீட்டில் சிங்க்கை இயக்கி, அங்கிருந்து வரும் உள்ளீட்டில் அதை அணைத்துவிட வேண்டும். ரீப்பர் என்ற மென்பொருளில், மிடி வெளியீட்டு அமைப்பில் அந்தக் குறிப்பிட்ட கருவிக்குக் கிளாக் அனுப்பும் பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யுஎஸ்பி வழியாகவும் ஐந்து முனை மிடி கேபிள் வழியாகவும் ஒரே கருவிக்கு இரண்டு முறை கிளாக் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஏற்கும் கருவி இரண்டு மடங்கு வேகத்தில் ஓடக்கூடும்.

இனி சோதனை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்து பார்க்க நேரம் இருக்குமானால், இதைச் செய்யுங்கள். முதலில் சீக்வென்சரை ஒதுக்கிவிட்டு, கணினிக்குள் ஒலியைக் கொண்டுபோய், வெளியே கொண்டுவரும் ஆடியோ இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து அதன் உள்ளீட்டுக்கே ஒரு கேபிளைச் செருகி, மென்பொருளில் ஒரு கிளிக் ஒலியை ஓடவிட்டு, அதை வேறொரு டிராக்கில் பதிவு செய்யுங்கள். அசலும் பதிவும் ஒன்றன்மீது ஒன்று உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால், அந்த வேறுபாடு இன்டர்ஃபேஸை இயக்கும் டிரைவர் மென்பொருள் தன் தாமதத்தைப் பற்றி மென்பொருளிடம் தவறாகச் சொல்வதால் வருவது. அதைச் சாம்பிள் (ஒலியைப் பதியும் மிகச் சிறிய நேரத்துண்டு) கணக்கில் அளந்து, மென்பொருளின் பதிவுத் திருத்தத்தில் இட்டுவிட வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு மில்லிநொடி என்பது ஏறத்தாழ 44 சாம்பிள். 48 கிலோஹெர்ட்ஸில் 48. இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள், இன்டர்ஃபேஸின் குற்றத்தைச் சீக்வென்சர் மீது சுமத்துவார்கள்.

பிறகு சீக்வென்சரில் ஒவ்வொரு குவாட்டர் நோட்டுக்கும் ஒரு ரிம்ஷாட் (டிரம் விளிம்பில் விழும் கூர்மையான அடி) வைத்து, கணினியின் தலைமையில் சில நிமிடங்கள் ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். கிக் (தாழ்ஒலி டிரம்) ஒலி வேண்டாம். அதன் தொடக்கம் மெத்தென்று எழுவதால் எந்த இடத்தை அளப்பது என்று தெரியாது. பதிவான அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கி, தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் சில அடிகளை எடுத்து, கோட்டிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று எழுதுங்கள். எல்லா இடத்திலும் விலகல் ஒன்றாகவே இருந்தால், அது நிலையான தாமதம். ஓர் எண்ணை மாற்றினால் தீர்ந்துவிடும். விலகல் போகப் போக வளர்ந்துகொண்டே போனால், கருவி கிளாக்கைப் பின்பற்றவே இல்லை. விலகல் ஓர் அடிக்கு 4 மில்லிநொடி, அடுத்ததற்கு 9, அதற்கடுத்ததற்கு 6 என்று ஒழுங்கில்லாமல் சிதறினால், அதுதான் ஜிட்டர்.

என் அக்காவின் மகன் கீபோர்டு வாசிப்பவன். ஒருநாள் பதிவைக் கேட்டுவிட்டு, “மாமா, கிளாக் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் கிக்கின் கனம் ஒரு பாருக்கு ஒரு மாதிரி மாறுகிறதே, ஏன்?” என்று கேட்டான். அடி தாமதமாக வருகிறது என்று அவன் சொல்லவில்லை, கனம் மாறுகிறது என்றுதான் சொன்னான். அந்தக் கேள்வி என்னை வெகுதூரம் அழைத்துச் சென்றது. கணினியிலிருந்து வந்த கிக்கும் சீக்வென்சரிலிருந்து வந்த கிக்கும் ஒரே அடியில் விழும்படி அடுக்கியிருந்தோம். இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஓரிரு மில்லிநொடி மாறினால்கூட, காதுக்கு அது இரண்டு அடிகளாகக் கேட்காது. அலைகள் ஒன்றையொன்று கூட்டுவதும் கழிப்பதும் மாறுவதால், ஒலியின் நிறம்தான் மாறும். ஜிட்டர் தாளப் பிழையாகத் தெரிவதற்கு முன்பே ஒலிப் பிழையாகத் தெரிந்துவிடுகிறது. இதை ஈக்வலைசரால் சரிசெய்ய முயன்றால் முடிவே இருக்காது. ஒரே தாழ்ஒலியை இரண்டு இடங்களிலிருந்து எடுக்காமல், கிக்கை ஏதாவது ஓரிடத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது என்பதையும் அப்போதுதான் முடிவு செய்தேன்.

நிலையான தாமதத்தை விரைவில் முடித்துவிடலாம். எடுத்துக்காட்டாக, எல்லா அடிகளும் 9 மில்லிநொடி பின்தங்கினால், லைவில் அந்த வாயிலின் மிடி கிளாக் சிங்க் டிலேயை மைனஸ் 9 என்று வையுங்கள். ரீப்பரில் அந்தக் கருவிக்கான வெளியீட்டு விலகலில் அதே எண்ணை இடுங்கள். மீண்டும் பதிவு செய்து பாருங்கள். ஒன்றை மறக்கக் கூடாது: இந்த எண் பஃபர் (கணினி ஒருமுறைக்குத் திரட்டிக் கையாளும் ஒலித்துண்டு) அளவோடு கட்டுண்டது. 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்பது 2.9 மில்லிநொடி, 512 என்பது 11.6 மில்லிநொடி. கலவை செய்யும்போது பஃபரை உயர்த்திவிட்டு, அடுத்த நாள் அதே நிலையில் சீக்வென்சரைப் பதிவு செய்தால் பழைய எண் பொருந்தாது. பஃபர் அளவு, சாம்பிள் விகிதம், அவற்றுக்குரிய திருத்த எண் ஆகிய மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சீக்வென்சரின் அடிப்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதேபோல, முன்கூட்டிப் பார்த்து வேலை செய்யும் லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்வலைசர் போன்ற பிளக்இன்கள் மாஸ்டர் டிராக்கில் இருந்தால் மென்பொருளின் ஒலி மொத்தமாகப் பின்தள்ளப்படும். கிளாக்கும் அதே அளவு தள்ளப்படும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பதிவு முடியும்வரை அவை அங்கே வேண்டாம்.

ஜிட்டருக்கு இந்த வைத்தியம் செல்லாது. மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை எந்த எண்ணால் ஈடுசெய்வது? அதன் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கத்தான் வேண்டும். யுஎஸ்பி ஹப் இருந்தால் அதை நீக்கிவிட்டு, சீக்வென்சரை நேரே கணினியில் செருகுங்கள். கிளாக் போகும் மிடி வாயிலில் வேறு செய்திகளை அனுப்பாதீர்கள். ஐந்து முனை மிடியின் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்கு 320 மைக்ரோநொடி ஆகும். ஒரு ஸ்வரத்தைத் தொடங்கும் மூன்று பைட் செய்திக்கு ஏறத்தாழ ஒரு மில்லிநொடி. ஆறு ஸ்வரம் கொண்ட ஒரு கார்டு முழுவதும் போய்ச்சேர ஆறு மில்லிநொடியை நெருங்கிவிடும். கிளாக் பைட் மற்றச் செய்திகளின் நடுவே புகுந்து செல்லலாம் என்று தரநிலை அனுமதித்தாலும், எல்லா மென்பொருளும் டிரைவரும் அந்த அனுமதியைப் பயன்படுத்துவதில்லை. சில மென்பொருள்–டிரைவர் சேர்க்கைகளில் கிளாக் துடிப்புகள் பஃபர் பஃபராகத் திரண்டு வெளியேறும். அங்கே பஃபரைக் குறைத்தால் சிதறலும் குறையும். பல கருவிகள் இருந்தால், ஒன்றிலிருந்து ஒன்றாகச் சங்கிலி போடாமல், உள்வரும் செய்தியைப் பல கருவிகளுக்கும் பிரித்துத் தரும் ஒரு மிடி த்ரூ பெட்டியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனிக் கேபிள் கொடுங்கள்.

இவை எல்லாம் செய்தும் என் அறையில் சிதறல் முற்றிலும் போகவில்லை. அதை உண்மையில் தீர்த்தது, தாளத்தை ஆடியோவாகவே அனுப்பும் வழி. மிடி வருவதற்கு முன்பு கருவிகள் மின்துடிப்பால்தான் பேசிக்கொண்டன. 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808இன் டின் சிங்க்கிலும் குவாட்டர் நோட்டுக்கு 24 துடிப்புகள்தான். அந்தப் பழைய முறை இன்றும் பல சிறிய கருவிகளில் 3.5 மில்லிமீட்டர் சிங்க் துளையாக உயிரோடு இருக்கிறது. கோர்க் வோல்கா வரிசையில் ஒரு குவாட்டர் நோட்டுக்கு இரண்டு துடிப்புகள். மென்பொருளில் ஒரு டிராக்கை ஒதுக்கி, கூர்மையான, மிகக் குறுகிய ஒரு துடிப்பொலியை ஒவ்வோர் எயித் நோட்டிலும் (அரைக் குவாட்டர் நோட்டு) வைத்து, இன்டர்ஃபேஸின் பயன்படாத ஒரு வெளியீட்டின் வழியாக அந்தத் துளைக்கு அனுப்பினேன். அந்தத் துடிப்பு குரலும் ஆர்மோனியமும் வெளியேறும் டிஜிட்டல் எண்களை ஒலி மின்னலையாக மாற்றும் அதே சிப்பின் வழியாக, அதே சாம்பிள் கணக்கில் வெளியேறுகிறது. கணினி எவ்வளவு திணறினாலும் அவற்றுக்கிடையே உறவு மாறுவதில்லை. பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அடிகள் எல்லாம் ஒரே தூரத்தில் நின்றன. மிடி கிளாக்கை வேண்டும் கருவிகளுக்கு, இப்படி ஆடியோ துடிப்பை வாங்கி மிடி கிளாக்காக மாற்றித் தரும் சிறு பெட்டிகளும் விற்பனைக்கு உண்டு. ஓர் எச்சரிக்கை: துடிப்பைக் கருவி உணர வேண்டுமானால் அதன் அளவை உயர்வாக வைக்க வேண்டியிருக்கும், எனவே அந்த டிராக் தவறியும் மாஸ்டருக்கோ ஹெட்ஃபோனுக்கோ போகக் கூடாது. காதுக்குக் கேடு.

வேகமும் தாமதமும் சரியான பிறகு இடம் என்ற கேள்வி வருகிறது. எங்கள் தீவில் வேலை செய்கிறவர்களுக்கு இது தனிச்சிக்கல், ஏனென்றால் சேகா 6/8 தாளத்தில் நடப்பது. சீக்வென்சர்களோ பிறவியிலேயே 16 ஸ்டெப் கொண்டவை. தமிழ்ப் பாட்டுக் கற்றவர்களுக்குச் சேகாவின் ஓட்டம் அந்நியமாகத் தோன்றாது. திஸ்ர நடையில் அமைந்த சிந்து மெட்டு ஒன்றை அதன்மீது வைத்தால் இயல்பாக உட்கார்ந்துகொள்ளும். அப்படி வைத்துத்தான் என் காவடிப் பாடல்களில் பலவற்றை அமைக்கிறேன். ஆனால் இயந்திரத்துக்கு அதைக் கணக்காகச் சொல்ல வேண்டும்.

கால் தட்டும் இடம் 6/8இல் டாட்டட் குவாட்டர் நோட்டு, அதாவது ஒன்றரைக் குவாட்டர் நோட்டு. ஒரு பாரில் இரண்டு முறை தட்டுவோம். மிடி கிளாக் எண்ணுவதோ குவாட்டர் நோட்டை. ஒரு பாரில் மூன்று. நீங்கள் கேட்ட சேகாவில் நிமிடத்துக்கு 100 முறை கால் தட்டுகிறீர்கள் என்றால், மென்பொருளில் இட வேண்டிய எண் 150. டாப் டெம்போ பொத்தானைக் காலோடு சேர்ந்து தட்டினால் அது 100 என்றே காட்டும். அதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். பிறகு சீக்வென்சரில் பேட்டர்ன் நீளத்தை 16இலிருந்து 12ஆகக் குறையுங்கள். ஒரு ஸ்டெப்புக்கு ஆறு துடிப்பு, ஒரு பாருக்கு 72 துடிப்பு, ஒரு பாரின் நீளம் 1.2 நொடி, ஒரு ஸ்டெப் சரியாக 100 மில்லிநொடி. எல்லாம் முழு எண்களாக விழுகின்றன.

வேகத்தை 100 என்றே வைத்து, 4/4இல் ட்ரிப்லெட் ஸ்டெப்களாக எழுதுவது இன்னொரு வழி. குவாட்டர் நோட்டுக்கு ஆறு ஸ்டெப், ஸ்டெப்புக்கு நான்கு துடிப்பு. காதுக்கு விளைவு ஒன்றேதான். நான் அதை விட்டுவிட்டேன். சாங் பொசிஷன் பாயின்டர் இடத்தை எண்ணுவது ஆறு துடிப்புக்கு ஒரு முறை, அதாவது சிக்ஸ்டீன்த் நோட்டுக் கணக்கில். முதல் வழியில் அது எண்ணும் ஒவ்வொன்றும் சீக்வென்சரின் ஒரு ஸ்டெப்பாக அமைகிறது, பாட்டின் நடுவிலிருந்து தொடங்கினாலும் குழப்பம் இல்லை. வோல்கா போல இரண்டு துடிப்பில் ஓடும் கருவிக்கும் முதல் வழியே பொருந்தும்: 6/8 பாரின் ஆறு எயித் நோட்டுகளுக்கும் தலா ஒரு துடிப்பு. அதில் ஆக்டிவ் ஸ்டெப் வசதியால் கடைசி நான்கு ஸ்டெப்களை அணைத்தால் 12 மிஞ்சும்.

சாங் பொசிஷன் பாயின்டரை எல்லாக் கருவிகளும் மதிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் ஒன்பதாவது பாரிலிருந்து ஓடவிட்டாலும், சில கருவிகள் முதல் ஸ்டெப்பிலிருந்தே தொடங்கும். லைவில் கிளாக் வகையைச் சாங் என்பதிலிருந்து பேட்டர்ன் என்று மாற்றுவது இத்தகைய கருவிகளுக்காகத்தான். எந்தக் கருவியாக இருந்தாலும் பாரின் தலையிலிருந்தே தொடங்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பாட்டின் முன்னால் இரண்டு வெற்றுப் பார்களையும் விட்டுவிடுங்கள். ‘தொடங்கு’ கட்டளை வந்தவுடன் பின்தொடரும் கருவிக்கு வேகம் இன்னும் தெரியாது. சில துடிப்புகள் வந்த பிறகுதான் அது நிலைகொள்ளும். முதல் அடி மட்டும் எப்போதும் பிசகுகிறது என்று வருந்துகிறவர்களுக்கு இந்த இரண்டு பார்களே போதும். ஸ்விங்கைப் (சில அடிகளை வேண்டுமென்றே சற்றுத் தள்ளிவைப்பது) பற்றி ஒரு வரி: சீக்வென்சரிலோ மென்பொருளிலோ ஓரிடத்தில் மட்டும் வையுங்கள்.

தாளத்தோடு நேரடித் தொடர்பு இல்லாத ஒன்று, ஆனால் இணைத்த அன்றே தலைகாட்டுவது, இரைச்சல். சீக்வென்சரும் ஒலிக்கருவியும் யுஎஸ்பி வழியாகவும் ஆடியோ கேபிள் வழியாகவும் ஒரே கணினியோடு இணையும்போது பூமி இணைப்பில் ஒரு வளையம் உருவாகும். மௌஸை நகர்த்தினால் கீச்சென்ற ஒலியும், அடியில் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் கேட்கும். எங்கள் வீடுகளில் பிரிட்டன் வகை மூன்று முனைப் பிளக்கும் ஐரோப்பிய வகை இரண்டு முனைப் பிளக்கும் கலந்தே புழங்குகின்றன. ரெயூனியனிலிருந்தோ பிரான்சிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் கருவிகளில் இரண்டு முனை அடாப்டர்தான் இருக்கும். எனவே ஒரே மேசையில் பூமி இணைப்பு உள்ளவையும் இல்லாதவையும் அருகருகே உட்காருகின்றன. எல்லாவற்றையும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுக்கச் செய்யுங்கள். யுஎஸ்பியை விட்டு, ஐந்து முனை மிடிக்கு மாறிப் பாருங்கள். மிடி உள்ளீட்டில் ஒளிவழித் தனிமைப்படுத்தி கட்டாயம் இருப்பதால் இரண்டு கருவிகளும் மின்சாரத்தால் தொட்டுக்கொள்வதில்லை, வளையம் அறுந்துபோகும். இதற்காகப் பிளக்கின் பூமி முனையை வெட்டுவதோ டேப் ஒட்டி மறைப்பதோ கூடவே கூடாது. உயிருக்கு ஆபத்தான செயல் அது.

ரவானைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற மொரீஷியஸின் மரபுவழிச் சேகாவுக்கு உயிராக இருப்பது அந்த ஆட்டுத்தோல் பறைதான். வாசிப்பதற்கு முன் தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றி முறுக்கேற்றுவார்கள். நல்ல ரவான் கலைஞர் எவரும் கணினியின் கோட்டில் வாசிப்பதில்லை. பல்லவிக்கு வரும்போது சற்றே முன்னேறுவார், சரணத்தில் சற்றே சாய்வார். அந்த நெளிவுக்கு ஒரு போக்கு உண்டு. ஒவ்வொரு பல்லவியிலும் அதே இடத்தில் அதே சாய்வு இருக்கும். ஜிட்டருக்கு அப்படி எந்தப் போக்கும் கிடையாது. ‘மனிதத் தன்மை’ என்று சொல்லி ஜிட்டரை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறவர்களோடு நான் உடன்படாததற்கு இதுவே காரணம்.

எனவே இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் ரவானும் குரலும், கிளிக் இல்லாமல், கலைஞர் தாமாக எடுக்கும் வேகத்திலேயே பதிவாகின்றன. பிறகு மென்பொருளில் அந்தப் பதிவைப் பின்பற்றி டெம்போ மேப் (எந்த இடத்தில் என்ன வேகம் என்ற வரைவு) எழுதுகிறேன். கிளாக் அந்த மேப்பின்படியே வேகம் கூடியும் குறைந்தும் வெளியேறும், சீக்வென்சர் ரவானைப் பின்தொடரும். இதில் கவனிக்க வேண்டியவை சில. டெம்போ குறியை ஒவ்வோர் அடிக்கும் வைக்காதீர்கள். பாருக்கு ஒன்று போதும், அமைதியான பகுதிகளில் இரண்டு பாருக்கு ஒன்றுகூடப் போதும். பின்தொடரும் கருவி பல துடிப்புகளின் சராசரியைக் கொண்டு வேகத்தை உணர்வதால், திடீர் மாற்றங்களுக்குப் பின்னால் அது சற்று நேரம் தடுமாறும். வேகம் 150இலிருந்து 153க்குப் போக வேண்டுமானால், ஒரே குறியில் தாவாமல் இரண்டு மூன்று பார்களில் ஏற்றிவிடுங்கள். ஆடியோ துடிப்பைப் பயன்படுத்துகிறவர்கள் அந்த டிராக்கைச் சாம்பிள் கோப்பாக நீட்டிச் சுருக்காமல், ஒவ்வொரு துடிப்பும் மேப்பின்படி தனித்தனியே ஒலிக்கும்படி, ஒரு மிடி டிராக்கிலிருந்து சாம்ப்ளர் வழியாக எழுப்ப வேண்டும். நீட்டப்பட்ட துடிப்பு கூர்மை இழந்துவிடும், கருவி அதை உணராமல் போகும். முன்பு அளந்து எழுதி வைத்த திருத்த எண் மட்டும், வேகம் எப்படி மாறினாலும், மில்லிநொடியில் அப்படியே இருக்கும். அதை ஸ்டெப் கணக்கில் மாற்றி எழுத வேண்டாம்.